ரூட் கெனால் பண்ணியாச்சு, இன்னும் வலிக்குதா? கேளுங்க, சொல்றேன்

நான் பல் டாக்டர், என் வேலையில முக்கால்வாசி ரூட் கெனால்தான், அதாவது பல்லுக்குள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் பண்ணி அடைக்கறது. கேக்கறவங்க மூணு விஷயம் சேத்து எழுதுங்க: பண்ணி எத்தனை நாள் ஆச்சு, வலி தானா வருதா கடிச்சா வருதா, நாளுக்கு நாள் கொறையுதா ஏறுதா. இந்த மூணும் இல்லாம "பல் வலிக்குது, என்ன பண்ண"ன்னு கேட்டா நான் என்னத்த சொல்ல.

தூங்காதவன்: டாக்டர், நரம்பையே எடுத்துட்டேன்னு சொன்னாங்க, அப்புறம் எதுதான் வலிக்குது? மூணு நாள் ஆச்சு, நாக்கு பட்டாலே வலி, ஆனா நேத்தைக்கு இன்னிக்கு கொஞ்சம் பரவால்ல.

எடுத்தது பல்லுக்கு உள்ள இருக்கற நரம்பு மட்டும்தாங்க. வேரைச் சுத்தி, பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அதுக்கு தனி நரம்பு இருக்கு, ரூட் கெனால் அதத் தொடறதே இல்ல. சாப்பிடறப்போ பொடிக்கல்லு மாட்டினா சட்டுனு தெரியுதுல்ல, அது அந்த சவ்வு வேலைதான். உள்ள ஃபைல்னு ஊசி மாதிரி ஒரு அரம் விட்டு சுரண்டி மருந்து ஊத்தி கழுவறப்போ வேர் நுனியில அந்த சவ்வு புண்ணாகி வீங்கிக்குது, அதான் தொட்டாலே வலி. முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம், பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரத்துல அடங்கிடும், லேசான மந்த வலி இன்னும் சில நாள் இழுக்கலாம். உங்களுக்கு கொறையுதுன்னு நீங்களே சொல்றீங்க, அதுதான் எனக்கு வேண்டிய பதில். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேத்து போட்டா தனித்தனியா போடறத விட நல்லா கேக்கும், ஆனா வயித்துப்புண், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, கர்ப்பம், இதுல எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் பக்கம் உங்க டாக்டரக் கேக்காம போகாதீங்க.

கீழ்க்கடைவாய்: பல்லு வலிக்கல அக்கா, ஈறுதான் எரியுது, வாயும் முழுசா தெறக்க மாட்டேங்குது. நாலு நாள்.

ஈறு எரியற எடம், எச்சில் படாம பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் போடறப்போ பல்லைப் பிடிச்சிருந்த கிளாம்ப் கடிச்ச இடமா இருக்கும், தானா ஆறிடும், வெதுவெதுப்பான உப்புத்தண்ணி போதும். வாய் தெறக்காதது கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசி, தசையில பட்டு இறுகிக்கிச்சு. வெளியில சூடு ஒத்தடம் குடுத்துட்டு மெதுவா தெறந்து மூடிப் பழகுங்க. நாளுக்கு நாள் இன்னும் இறுகினா, இல்ல காய்ச்சல் வந்தா காட்டிடுங்க. கிராம்பு எண்ணெய ஈறுல நேரா ஊத்தாதீங்க, ஆஸ்பிரின நசுக்கி வெக்காதீங்க, ரெண்டும் ஈறை வெந்து போக வெச்சிடும்.

அவசரக்காரன்: அமாக்ஸிசிலின் அஞ்சு நாள் போட்டா வலி போயிடுமா?

போகாது. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது.

ஒருபக்கம்மெல்றவள்: ரெண்டு வாரம் ஆச்சு, சும்மா இருந்தா ஒண்ணுமில்ல, கடிச்சா மட்டும் சுரீர்னு ஏறுது.

முதல்ல ஃபில்லிங் உசரமா இருக்கான்னு பாக்கணும். மரத்துப்போன வாயில கடிச்சுப் பாத்தா உசரம் உங்களுக்கே தெரியாது. மை பேப்பர் வெச்சு கடிக்கச் சொல்லி உரசி விடுவாங்க, சின்ன வேலை. கொறச்ச பிறகும் அதே சுரீர்னா விரிசல் இருக்கான்னு தேடச் சொல்லுங்க.

உண்மைவிளம்பி: இவ்ளோ எதுக்கு? செத்த பல்லை வாயில வெச்சிருக்கறதே விஷம், புடுங்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும். டாக்டருங்க சொல்ல மாட்டாங்க, வருமானம் போயிடும்ல.

இது இன்னும் வரலையேன்னு பாத்தேன். 1920கள்ல வெஸ்டன் பிரைஸ்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர், ரூட் கெனால் பண்ணின பல்லைப் புடுங்கி முயல் தோலுக்கடியில வெச்சு தெச்சார், முயலுக்கு நோய் வந்துச்சு, பல்லுதான் காரணம்னுட்டார். அந்தக் காலத்துல அத நம்பி கூட்டம் கூட்டமா பல்லைப் புடுங்கிக்கிட்டாங்க. அப்புறம் கிருமி சேராம கவனமா திரும்பப் பண்ணிப் பாத்தவங்களுக்கு அந்த முடிவு வரல, கதை அங்கயே முடிஞ்சது. செத்த பல்லுங்கறதும் தப்பு, உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் சேந்து இருக்கற கூழ்தான் போச்சு, வெளிய வேரைப் பிடிச்சிருக்கற சவ்வுல ரத்தம் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

உண்மைவிளம்பி: எங்க மாமாவுக்கு புடுங்கினதும் வலி நின்னுடுச்சே, அது பொய்யா?

யாரு பொய்னா? வேர் நீளவாக்குல வெடிச்சிருந்தா புடுங்கறதுதான் வைத்தியம், நானே புடுங்கச் சொல்வேன். எதனால வலிக்குதுன்னு பாக்காம புடுங்காதீங்கங்கறதுதான் என் பேச்சு. வருமானம்னீங்களே, புடுங்கின குழியில இம்ப்ளான்ட் வெச்சா இன்னும் கூடத்தான் வரும்.

ராத்திரிப்பூனை: குறுக்க பேசறேன், மன்னிச்சுக்கோங்க. நான் அப்படி புடுங்கினவதான். ரூட் கெனால் முடிஞ்சு எட்டு மாசம் எரிச்சல், எக்ஸ்ரே சுத்தம், ரெண்டு டாக்டர் ஒண்ணுமில்லன்னாங்க, பொறுக்காம புடுங்கினேன். இப்போ பல்லே இல்லாத எடத்துல அதே எரிச்சல், இனி பக்கத்துப் பல்லான்னு பயமா இருக்கு.

உண்மைவிளம்பி, இத ஒருவாட்டி படிச்சிடுங்க. நீங்க கற்பனை பண்ணலம்மா, வலி நிஜம். கை போன பிறகும் அந்தக் கையில வலி தெரியறவங்க இருக்காங்கல்ல, அந்த வகையா இருக்கலாம், பல்லுல தொடங்கின வலி இப்போ நரம்புலயே தங்கிடுச்சு. கடிக்கறதுக்கும் சூடு குளிருக்கும் சம்பந்தமில்லாம ஒரே எடத்துல எரிஞ்சுக்கிட்டே இருக்கறது அதோட கொணம். பக்கத்துப் பல்லத் தொடவே விடாதீங்க. முக வலி பாக்கற ஸ்பெஷலிஸ்ட், இல்லன்னா நரம்பு டாக்டர்கிட்ட போங்க, அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்து சின்ன அளவுல ஆரம்பிப்பாங்க, சாதாரண வலி மாத்திரை இதுக்கு கேக்காது. தாடைத் தசை இறுக்கம் பல்வலி மாதிரி காட்டும், மேல்பல்லுன்னா சைனஸும் காட்டும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

பருக்காரன்: பண்ணி ஒரு வருஷம். வலி இல்ல, ஈறுல பரு மாதிரி வந்து ஒடைஞ்சு மறுபடி வருது. விட்டுடலாமா?

விடாதீங்க. வேர் நுனியில சேர்ற சீழ் வெளிய வர்ற வழி அது, வழி தெறந்திருக்கறதாலதான் வலி இல்ல. அந்த ஓட்டையில மெல்லிசா ரப்பர் குச்சி விட்டு எக்ஸ்ரே எடுத்தா எந்த வேர்னு தெரிஞ்சிடும். மேல் முதல் கடைவாய்ப்பல்லுன்னா, முன்பக்க வேர்ல நரம்பு ஓடற பொடிக் குழாய் ரெண்டாவதா ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அதத் தவறவிடறது ரொம்ப சகஜம், சிபிசிடின்னு பல்லை முப்பரிமாணத்துல காட்டற ஸ்கேன்ல தெரியும். திரும்ப தெறந்து சுத்தம் பண்ணலாம், முடியலன்னா ஈறு வழியா வேர் நுனிய வெட்டற ஆபரேஷன் இருக்கு. ஒரே எடத்துல மட்டும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆழமா பள்ளம் எறங்கியிருந்தா வேர் வெடிச்சிருக்கலாம், அப்போ புடுங்கறதுதான், விளம்பி சந்தோஷப்படுவார்.

ஐஸ்: ரூட் கெனால் பல்லு ஜில்லுனு கூசுது.

அந்தப் பல்லு கூசாது. பக்கத்துப் பல்லு, இல்லன்னா விட்டுப்போன குழாய்.

புதுசு: வீக்கம் இல்ல, வலி மட்டும்தான், அசித்ரோமைசின் போடவா?

அவசரக்காரனுக்கு சொன்னதப் படிங்க.

சின்னவன்: அண்ணனுக்கு ரெண்டு நாள் முன்னாடி கீழ்ப்பல்லுல பண்ணினது, தாடைக்கு அடியில வீங்கி காய்ச்சல், எச்சில் முழுங்க முடியல. எந்த ஆன்டிபயாட்டிக்?

தம்பி, இத டைப் பண்றத நிறுத்திட்டு இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. நாக்குக்கு அடியில வீக்கம் பரவினா மூச்சு அடைக்கும். காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

மூணாவதுஆள்: எனக்கும் அதே, ஆனா வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல, வலி மட்டும், ஆன்டிபயா

இல்ல.

மறதிக்காரி: தற்காலிக ஃபில்லிங் போட்டு ரெண்டு மாசம், பல்லு மேல மாட்டற கேப் போட போகவே இல்ல, நேத்து பாதி பேந்துடுச்சு. வலி இல்லாததால வெயிட் பண்ணலாம்தானே?

நரம்பு இல்லாத பல்லு கெட்டுப்போறப்போ உங்களுக்கு சொல்லாது. எச்சில் உள்ள எறங்கினா பண்ணின வேலை மொத்தமும் வீண், கேப் இல்லாத கடைவாய்ப்பல்லு என்னிக்கு பொளக்கும்னும் தெரியாது. நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுங்க, அது வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க. சின்னவன், போயாச்சான்னு மட்டும் ஒரு வார்த்தை போடுங்க.