பைகேமை நீக்க வேண்டாம், கோப்பின் பெயரை மாற்றுங்கள்

கேள்வி: உயர்நிலை 2-இல் படிக்கும் என் மகன், ஜூன் விடுமுறையில் பைத்தான் நிரல்மொழியில் பாம்பு விளையாட்டு எழுதக் கற்றுக்கொள்கிறான். பாடத்தில் உள்ளபடியே தட்டினாலும் ஆரம்பத்திலேயே பிழை வருகிறது. பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் பைகேம் தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். - ஈசூன் வாசகி

பதில்: அவன் தட்டிய வரிகள் சரிதான். கோப்புக்கு வைத்த பெயர்தான் சிக்கல். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிழைச் செய்தியில் கோப்பின் பெயர் வரும் இரண்டு இடத்திலும் 'பைகேம் டாட் பை' என்றே இருக்கிறது. அது அவன் சேமித்த கோப்பு. 'இம்போர்ட் பைகேம்' என்ற வரியைக் கண்டதும் பைத்தான், நிறுவப்பட்ட பைகேமைத் தேடுவதற்கு முன் நிரல் இருக்கும் ஃபோல்டரைத் துழாவுகிறது. அங்கேயே அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு தேடாது. ஆக, அவன் கோப்பு தன்னையே இம்போர்ட் செய்துகொள்கிறது. பைகேமைத் தொடங்கிவைக்கும் 'இனிட்' அதில் எங்கிருந்து வரும்? கடைசி வரியில் உள்ள 'ஆட்ரிபியூட் எரர்' சொல்வது இதைத்தான். எத்தனை முறை நிறுவினாலும் இது போகாது. 'ஸ்நேக் டாட் பை' என்று பெயர் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். எந்தக் கோப்புக்கும் 'ரேண்டம்' என்றும் பெயர் வைக்கக் கூடாது. பாம்பின் தீனியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க, பைத்தானோடு வரும் அதே பெயருள்ள மாட்யூல் (நிரல் தொகுதி) வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படத்தின் ஓரத்தில் தெரியும் பாடத்தில் 'பிரிண்ட்'டுக்குப் பின் அடைப்புக்குறி இல்லை. அது பழைய பதிப்பான பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடைப்புக்குறியைச் சேர்த்துவிடலாம், ஆனால் வகுத்தல் அவனை அலைக்கழிக்கும். 480-ஐ 20-ஆல் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் பைத்தான் 2 தருவது 24, பைத்தான் 3 தருவது 24.0. அந்தப் புள்ளியோடு, முழு எண்ணை மட்டுமே ஏற்கும் 'ரேஞ்ச்'சுக்குள் கொடுத்தால் 'டைப் எரர்' வரும். இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். பழைய பாடத்தை இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட, உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் பைத்தான் 3-க்கான புத்தகம் ஒன்றைத் தேடி எடுப்பதே நல்லது. கற்கத் தொடங்கும் பிள்ளை, பாடத்தின் குறையைத் தன் குறையாக நினைத்துச் சோர்ந்துவிடக் கூடாது.

விளையாட்டுச் சன்னல் திறந்தபின் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று உறைந்துபோனால், 'பைகேம் டாட் இவென்ட் டாட் கெட்' உள்ள வரி 'வைல்' சுழற்சிக்குள் உள்தள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றியும் பிழை வந்தால், செய்தியின் கடைசி வரியையும் அதற்கு மேல் உள்ள வரி எண்ணையும் அனுப்புங்கள்.