அப்பாவின் வருத்தத்தை எழுத டொக்டர் கையெழுத்துக் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம். அப்பா வயல் செய்கிறவர், 56 வயது, கனகாலமாகச் சலரோகம். மாரி மழைக்குள் வந்த காய்ச்சல் ஒரு மாதமாக விடவில்லை. ரிபி (காசநோய்) என்று சந்தேகப்பட்டுச் சளியெல்லாம் சோதித்தார்கள், கடைசியில் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்ததில் மெலியோய்டோசிஸ் என்று வந்தது, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமியால் வரும் நோயாம். ஊசி முடிந்து இப்போது வீட்டில் குளிசை போடுகிறார். வாட்டில் பார்த்த டொக்டர் இதைக் கேஸ் ரிப்போட்டாக, அதாவது ஒரு நோயாளியின் கதையாக மருத்துவச் சஞ்சிகைக்கு எழுத அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறார். இணையத்தில் தேடினால், உலகப் போரில் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து இந்த நோய் வந்ததாக இருக்கிறது. அப்பாவுக்கும் இது ஆயுள் முழுக்கத் தொடருமா? கையெழுத்து வைக்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 62 வருடத்தை விடுவோம். நீங்கள் வாசித்தது பொய்யில்லை, 2005இல் வெளியான அறிக்கை அது. ஜப்பானியப் படையிடம் பிடிபட்டிருந்தவரைப் பற்றியது. ஆனால் அது ஏன் அச்சேறியது? அப்படி நடப்பது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான். குளிசையை ஒழுங்காகப் போட்டுச் சுகமாகி அடுத்த போகத்துக்கு விதைக்கப் போனவரைப் பற்றி எந்தச் சஞ்சிகையும் எழுதாது. கேஸ் ரிப்போட் ‘இப்படியும் நடக்கும்’ என்று சொல்லும், எத்தனை பேருக்கு நடக்கும் என்று சொல்லாது. இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் தேடுகிற எல்லோரும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டுமானால் நிறைய நோயாளரை வைத்துச் செய்த ஆய்வைப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் 600க்கு மேற்பட்டவர்களுக்கு 20 கிழமை குளிசை கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கிற கோட்ரைமொக்சசோல் குளிசையை மட்டும் போட்டவர்களில் 100க்கு 5 பேர் அளவில்தான் நோய் திரும்பியது, கூட டொக்சிசைக்கிளின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தும் பெரிய இலாபம் இல்லை. ஊசியும் அப்படித்தான். அதே நாட்டில் 1989இல் வந்த ஆய்வில், கடுமையான நோயில் 100க்கு 74 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் செப்டாசிடிம் என்ற ஊசி மருந்து அதை 37 ஆக்கியது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

இனி அவருக்கு உண்மையான ஆபத்து குளிசையை இடையில் விடுவதுதான். காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கத் தொடங்கினால் ‘சுகம்தானே, இனி ஏன்’ என்று நிறுத்துவார்கள், அதுவும் ஆண்கள், அதுவும் வயல் வேலை நெருக்கும்போது. குறைந்தது மூன்று மாதம் போட வேண்டும், அவரது டொக்டர் அதைவிட அதிக காலம் சொன்னால் அதுவரை.

கோட்ரைமொக்சசோல் குளிசை கொஞ்சம் பொல்லாதது, அதையும் தெரிந்து வையுங்கள். சலரோகத்துக்குக் கிளிக்கிளசைட் அல்லது கிளிபென்கிளமைட் போடுகிறவராக இருந்தால் சீனி திடீரென இறங்கலாம்: வியர்வை, நடுக்கம், குழப்பம். பிரஷருக்கு லொசாட்டன், எனலாப்ரில் போடுகிறவர் என்றால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். ஆகவே கிளினிக் கொப்பியோடு போய் எல்லா மருந்தையும் ஒரே டொக்டரிடம் காட்டி, சிறுநீரகமும் இரத்த அணுக்களும் சோதிக்கச் சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

சரி, கையெழுத்து. வைக்கலாம் என்பதே என் எண்ணம். பெயர் வராது, முகம் தெரியும் படம் வரக்கூடாது. ஆனால் வயது, ஊர், தொழில் மூன்றையும் சேர்த்து எழுதினால் ஊருக்குள் யாரென்று பிடித்துவிடுவார்கள், அதனால் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஊர்ப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் மருத்துவம் குறையக் கூடாது, அது அவருடைய உரிமை. கையெழுத்து வைக்க வேண்டியவர் அப்பாதான், அவருக்குப் பதிலாக நீங்கள் இல்லை.

ஏன் வைக்கலாம் என்கிறேன் என்றால், இந்த நோயைப் பற்றிய அறிவே இப்படித்தான் சேர்ந்தது. பர்மாவின் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற டொக்டர்கள் 1912இல் முதலில் விவரித்தார்கள், இலங்கையில் 1927இல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள், பிறகு பல பத்தாண்டுகளுக்கு இங்கே மிகச் சொற்பம். நோய் இல்லாமல் அல்ல, தேடாமல். வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, மாரியில் கூடும், சலரோகக்காரரை முதலில் பிடிக்கும், நெஞ்சுப் படத்தில் ரிபி மாதிரித் தெரியும்: வன்னியில் இதையெல்லாம் நினைக்காத ஒரு டொக்டர் உங்கள் அப்பாவின் கதையை வாசித்தால், அடுத்தவருக்கு ஒரு மாதம் முன்பே இரத்தத்தை வளர்த்துப் பார்ப்பார்.

வீட்டில் தட்டு, கோப்பை பிரிக்க வேண்டாம், ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. வயலுக்குத் திரும்பும்போது கம்பூட்ஸ் போடட்டும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்க விடாதீர்கள்.