590 யூனிட் பில்லுக்கு 300 லிட்டர் டேங்க் மருந்தா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. கீழே நானும் கணவரும் இருக்கிறோம். மாடிப் போர்ஷனில் செவிலியர் ஆறு பேர் மாத வாடகைக்கு இருக்கிறார்கள். மின் இணைப்பு ஒன்றுதான். வாடகையிலேயே கரண்டும் அடக்கம். மாடியில் இரண்டு குளியலறைகளிலும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிறது. காலை டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டையும் போட்டால் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. வாளி நிரம்ப நேரமாகிறது என்றும் புகார். இரண்டு மாத பில் 590 யூனிட் வருகிறது. மொட்டை மாடியில் 300 லிட்டர் சோலார் ஹீட்டரும் டேங்கும் வைத்தால் 62,000 ரூபாய், மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அரசு மானியமும் உண்டு என்கிறார் ஒரு விற்பனையாளர். 7 சதவீத வட்டியில் இருக்கும் வைப்புத்தொகையை உடைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. டேங்கும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் மானியம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வரை அதிகபட்சம் 78,000 ரூபாய் கிடைப்பது மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகைகளுக்கு. தண்ணீர் சுடவைக்கும் கருவிக்கு அதில் இடமில்லை. இரண்டுக்கும் ‘சோலார்’ என்று பெயர் இருப்பது விற்பவருக்கு வசதியாகப் போய்விட்டது. அவர் தந்த விலைப்பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். சோலார் வாட்டர் ஹீட்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பட்டியலில் இன்னும் 12 இருந்தால் அந்த ஆளை மேற்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

இனி மூன்று வருடக் கணக்கு. ஆறு பேர், ஆளுக்கு ஒரு வாளி, வாளிக்கு 18 லிட்டர் என்றால் நாளுக்கு 108 லிட்டர். 26 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக ஒன்றே முக்கால் யூனிட் போதும். இரண்டு மாதத்துக்கு 105 யூனிட். இது முழுவதும் மிச்சமானால் உங்கள் பில் 590-லிருந்து 485 ஆகும். 2024 ஜூலைக் கட்டணப்படி, மானியம் போக நாம் கட்டும் விலையில், 590 யூனிட்டுக்கு 2,796 ரூபாய். 485-க்குச் சுமார் 1,710. மிச்சம் 1,085 ரூபாய்தான். வேலூரில் கோடை வந்தால் மேல்தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். கீசரை யார் தொடுகிறார்கள்? வருடத்தில் நான்கு பில்லுக்கு இந்த மிச்சம் என்று தாராளமாகவே வைத்தாலும் 4,340 ரூபாய். 62,000 ரூபாய்க்கு உங்கள் வைப்புத்தொகை தரும் வருட வட்டியும் அதே 4,340! வங்கியில் அசல் பத்திரமாக இருக்கும். மொட்டை மாடியில் அது வருடத்துக்கு வருடம் தேயும். மூன்று வருடமல்ல, பதினான்கு வருடம் ஆகும். நகைக்கடன் என்றால் வட்டி இதைவிட அதிகம். கையைவிட்டுக் கட்டுவீர்கள்.

பதினான்கு வருடம் அந்த டேங்க் உழைக்குமா என்பது அடுத்த கேள்வி. நீரில்லாத ஆற்றுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பெரும்பாலான வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான், அதுவும் உப்பு. கண்ணாடிக் குழாய்க்குள்ளும் டேங்கிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். அவ்வப்போது ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மொட்டை மாடியிலிருந்து குளியலறைக்கு வெந்நீர்க் குழாய் தனியாக இழுக்க வேண்டும். அந்தச் செலவு 62,000-க்குள் வருகிறதா என்று எழுதி வாங்கினீர்களா? இன்னொன்று, வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே வானம் மூடிக்கொள்ளும். அதற்காக டேங்கில் ஒரு மின் காயில் வைத்துத் தருவார்கள். வெயில் ஏறாத ஒரு நாளில் யாராவது ஸ்விட்சைப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டால், 300 லிட்டரும் 60 டிகிரிக்கு ஏறுவதற்கு 12 யூனிட் போய்விடும். ஒரு வாரத்து மிச்சம் ஒரே இரவில் கரைந்துவிடும்.

மாடியிலிருப்பவர்களின் புகார் நியாயமானது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று 13 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 26. எம்.சி.பி. விழாமல் என்ன செய்யும்? நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் வந்தால் வாளி நிரம்ப ஆறு நிமிடம். இதற்கு மருந்து 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், குளியலறைக்கு ஒன்று, 2 கிலோவாட்டில், ஐந்து நட்சத்திர முத்திரையோடு. அரை மணி நேரம் முன்பே போட்டு வைத்தால் 60 டிகிரி தண்ணீர் தயார். பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று வாளிக்கு மேல் வரும். அதாவது ஒரு குளியலறைக்கு மூன்று பேர் என்ற உங்கள் கணக்குக்குச் சரியாக இருக்கும். இரண்டும் ஓடினாலும் 18 ஆம்பியருக்குள் அடங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 20,000 ரூபாய். பில்லை இது குறைக்காது, வாடகைக்கு இருப்பவர்களைத் தக்கவைக்கும். மாட்டும்போதே எலக்ட்ரீஷியனை மாடி வயரிங்கையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. நீங்கள் கேட்காததால் அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அதே 2024 ஜூலைக் கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டு அடி விழுகிறது. மேலே போகும் யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. அதோடு, 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசாக இருந்தது 4 ரூபாய் 70 காசாக இரட்டிப்பாகிறது. எட்டுப் பேர் ஒரே மீட்டரில் இருப்பதுதான் உங்கள் வீட்டு நோய். மாடிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்து, வயரிங்கையும் தனியாகப் பிரித்தால், அதற்குத் தனி மின் இணைப்பு கேட்கலாம். கீழே 250, மாடியில் 340 என்று பிரிந்தால் பில் 470, 893. கூட்டினால் 1,363. இன்றைய 2,796-ல் பாதிகூட இல்லை! வருடத்துக்கு 8,500 ரூபாய்க்கு மேல் மிச்சம், வெயிலையோ மழையையோ நம்பாமல். ஒரே குடும்பம் சலுகைக்காக இரண்டு மீட்டர் வைத்தால் வாரியம் ஒன்றாக்கிவிடும். உங்களுடையது உண்மையான வாடகைப் பகுதி என்பதால் பயமில்லை. வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய், டெபாசிட் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். புது இணைப்பு வந்ததும் மாடி பில்லை அவர்களே கட்டும்படி ஒப்பந்தத்தை மாற்றிவிட்டு, வாடகையில் கரண்டுக்கென்று சேர்த்திருந்த தொகையைக் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் சோலார் விற்பனையாளர் வந்தால், மிச்சமாகும் பணம் யாருக்கு என்று கேளுங்கள்: செலவு உங்களுடையது, லாபம் குடியிருப்பவர்களுடையது.

கீசருக்கான 20,000 ரூபாயை அடுத்த இரண்டு மூன்று மாத வாடகையிலிருந்து எடுங்கள். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியிலும் பிடிப்பார்கள்.