லியான் வுட் ஜெயிச்சது எங்கே? – கடிதம்

அக்கா வணக்கம்,

வேல்ஸ் அரசியல்வாதி லியான் வுட் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். எனக்கு ஒண்ணு புரியல. முதல்ல சட்டமன்றத்துக்குள்ள போனதே கட்சி லிஸ்ட் வழியா, அதாவது கொல்லைப்புற வழி. மந்திரியாவும் ஆகல. 2016ல முதல் மந்திரி ஓட்டெடுப்புல, ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் வெளிய வரணும்னு சொன்ன வலதுசாரி யூகிப் கட்சிக்காரங்க ஓட்டு இவங்களுக்கு விழுந்துச்சு. 2021ல சொந்த ஊர்லயே தோத்தாங்க. இவங்களை எதுக்கு இவ்வளவு தூக்கி வைக்கிறீங்க?

— ஒரு வாசகன்

தம்பி,

கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா கொல்லைப்புறம்னு சொன்னத மட்டும் ஒத்துக்க முடியாது. 1999ல வேல்ஸ் சட்டமன்றம் தொடங்கினப்போ 60 சீட், அதுல 40 தொகுதிக்கு, மிச்சம் 20 அஞ்சு மண்டலத்துக்கு நாலு நாலா. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஓட்டு, ஒண்ணு தொகுதி ஆளுக்கு இன்னொண்ணு மண்டலத்துல கட்சி போடுற லிஸ்ட்டுக்கு. தொகுதியெல்லாம் ஒரே கட்சி அள்ளிட்டுப் போனா மத்தவங்க ஓட்டு வீணாப் போயிடும்னுதான் இந்த ரெண்டாவது ஓட்டு, அதையும் போடுறது ஜனங்கதானே. அப்படித்தான் 2003ல ப்ளைட் கம்ரிங்கிற வேல்ஸ் தேசியக் கட்சி சார்பா தென் வேல்ஸ் மத்திய மண்டலத்துலேர்ந்து அவங்க வந்தாங்க. அதுக்கு முன்னாடி நன்னடத்தை அதிகாரியா வேலை பாத்தவங்க, பெண்களுக்கு அடைக்கலம் குடுக்கிற அமைப்புலயும் இருந்தவங்க.

அடுத்த வருஷமே சபையில ராணி எலிசபெத்தை, பட்டம் எதுவும் சேக்காம குடும்பப் பேரை வெச்சு 'மிஸஸ் விண்ட்சர்'னு சொன்னாங்க. வாபஸ் வாங்குன்னு சபாநாயகர் சொன்னார், மாட்டேன்னுட்டாங்க, வெளிய அனுப்பிட்டார். அந்த சபாநாயகர் டாவித் எலிஸ்-தாமஸ் அப்போ அவங்க கட்சிக்காரர்தான். 2012ல தலைவர் பதவிக்கு அவரே எதிர்ல நின்னார், அவரையும் எலின் ஜோன்ஸையும் தாண்டி இவங்க ஜெயிச்சு அந்தக் கட்சியோட முதல் பெண் தலைவர் ஆனாங்க. வேல்ஷ் மொழிக்காக நிக்கிற கட்சி அது, இவங்களோ அந்த மொழியை வளந்தப்புறம் கத்துக்கிட்டவங்க. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது.

நான் அவங்களை மதிக்கிறதுக்கு முக்கிய காரணம் அவங்க சொந்த ஊர்த் தொகுதி ரோண்டாதான். அங்க இருக்கிற பெனிக்ரைக்ல வளந்தவங்க, நிலக்கரி பள்ளத்தாக்கு அது, 1984-85 சுரங்கத் தொழிலாளர் ஸ்டிரைக் நடந்தப்போ பன்னெண்டு பதிமூணு வயசுப் பொண்ணு. 1997லயும் 2001லயும் லண்டன் பார்லிமெண்டுக்கு ரோண்டாவுல நின்னு ரெண்டு தடவையும் தோத்தாங்க. அப்புறம் கட்சித் தலைவராவே இருக்கிறப்போ, லிஸ்ட்ல சொகுசா உக்காந்திருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, அதை விட்டுட்டு 2016ல மறுபடியும் ரோண்டாவுக்கே போனாங்க. 2011ல லேபர் கட்சியோட லெய்டன் ஆண்ட்ரூஸ் அங்க 6,739 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சவர், மந்திரியா இருந்தவர். அவரை 3,459 ஓட்டுல தோக்கடிச்சாங்க. தோத்திருந்தா சட்டமன்றத்துலயே இருந்திருக்க மாட்டாங்க, யோசிச்சுப் பாரு.

யூகிப் விஷயம் எனக்கும் உறுத்துது, மறைக்கல. 2015 ஏப்ரல்ல ஏழு தலைவர்கள் டிவி டிபேட்ல, வெளிநாட்டு எச்ஐவி நோயாளிகளுக்கு ஆகிற செலவைப் பத்தி யூகிப்போட நைஜல் ஃபராஜ் பேசினப்போ, நேரா திரும்பி நீங்க வெக்கப்படணும்னு சொன்னவங்க இவங்கதான், அரங்கமே கை தட்டிச்சு. ஒரே வருஷம் கழிச்சு, 2016 மே மாசம், முதல் மந்திரி ஓட்டெடுப்புல லேபரோட கார்வின் ஜோன்ஸுக்கு 29 இவங்களுக்கு 29ன்னு சமமா நின்னப்போ அந்த 29ல கன்சர்வேட்டிவ் ஓட்டும் யூகிப் ஓட்டும் இருந்துச்சு. பேரம் எதுவும் பேசலன்னு அவங்க சொன்னாங்க, ஒரு வாரத்துல லேபரோட உடன்பாடு பண்ணிக்கிட்டு கார்வின் ஜோன்ஸையே வர விட்டாங்க. இருந்தாலும் அந்த ஓட்டெடுப்புக்கு அவங்க பேரைக் குடுத்திருக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன்.

2018ல தலைவர் தேர்தல்ல மூணாவதா வந்தாங்க, ஆடம் ப்ரைஸ் ஜெயிச்சார். 2021ல ரோண்டாவும் போச்சு, லேபர் திரும்பப் பிடிச்சுது. அப்புறம் ஊருக்கு ஊர் மக்களே சேந்து சொந்தமா மின்சாரம் தயாரிக்கிற திட்டங்களுக்காக வேலை செய்யுற கம்யூனிட்டி எனர்ஜி வேல்ஸ் அமைப்புக்குப் போனாங்க. 2011லயே, தலைவர் ஆகறதுக்கு முன்னாடி, சுரங்கம் மூடின பள்ளத்தாக்குகளுக்கு கூட்டுறவும் பசுமை வேலைகளும் வேணும்னு ஒரு திட்டம் எழுதினவங்க. பதவி போனப்புறமும் அதையேதான் பிடிச்சிருக்காங்க பாரு.

இன்னொண்ணு. லிஸ்ட் பத்தி நீ கேட்டதால சொல்றேன், 2024ல போட்ட சட்டப்படி 2026 தேர்தல்லேர்ந்து அங்க எல்லாமே லிஸ்ட்தான், 16 பெரிய தொகுதி, ஒண்ணுக்கு ஆறு பேர், மொத்தம் 96. ரோண்டா தனித் தொகுதியா இல்ல, பக்கத்து அஃபான், ஓக்வர் பகுதிகளோட சேத்தாச்சு. சொந்த ஊர்ல ஒத்தையா நின்னு ஒரு மந்திரியைத் தோக்கடிக்கிற மாதிரி தேர்தல் அங்க இனிமே கிடையாது, அதுதான் எனக்கு வருத்தம்.

அன்புடன்,
அக்கா