பால் வடிகிற கள்ளி

கேள்வி: ஐயா, எங்கள் மொட்டைமாடியில் நாலு வருஷமாக ஒரு சதுரக்கள்ளி நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அடித்தண்டு மஞ்சளாகி, அமுக்கினால் பொதபொதவென்று இருக்கிறது. தெம்பு வரட்டும் என்று கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினேன். பிழைக்குமா? இதுவும் கேக்டஸும் ஒன்றுதானா?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: முதலில் புண்ணாக்கை நிறுத்துங்கள் அம்மா. காய்ச்சல்காரனுக்குக் கறிதோசை போட்ட கதையாகிவிடும்.

அடி அழுகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள். மேலே கெட்டியாக, பச்சையாக இருக்கிற பகுதியைக் காப்பாற்றலாம். அழுகலுக்கு நாலு விரல் மேலே கத்தி வையுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே போய் வெட்டுங்கள், கத்தியைத் துடைத்துவிட்டு.

பால் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். போன சித்திரையில் கள்ளி வெட்டிக்கொண்டிருந்தபோது நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தேன். அதில் பால் இருந்தது தெரியவில்லை. ஒரு சொட்டுகூட இருக்காது, கண்ணில் மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி எரிந்தது. வீட்டுக்காரம்மா குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீர் அடித்துவிட்டு, கையோடு கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. இப்போது கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நான் தொடுவதில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

வெட்டிய துண்டில் பால் வடிவது நிற்கும்வரை தண்ணீரில் கழுவி, நிழலில் இரண்டு வாரம் சும்மா போடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூடியபிறகுதான் நட வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி அழுகல்தான். ஆற்றுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கொஞ்சம் செங்கல் ஜல்லி, இது போதும். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி நல்லது. நர்சரியில் வாங்கும் செடிகளின் வேரைச் சுற்றி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான் இருக்கும். மழைக்காலத்தில் அது ஈரத்தை விடவே விடாது. உங்கள் செடியும் அதோடேயே நட்டதா என்று பாருங்கள்.

தண்ணீர் எப்போது என்றால், விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைத் தொட்டி அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றாதீர்கள். கோடையில் சாயங்காலம் ஊற்றுங்கள். மழை நாளில் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், கேக்டஸ் வேறு, இது வேறு. கேக்டஸில் முள் பஞ்சுபோன்ற சின்ன மேட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும், கீறினால் பெரும்பாலும் பால் வராது. சதுரக்கள்ளியில் விளிம்போடு ஜோடி ஜோடியாக முள் இருக்கும், பாலும் கொட்டும். இது நம்ம ஊர்ச் செடி, வறண்ட பாறைக் குன்றுகளில் தானாக வளரும். வேலியோரச் சப்பாத்திக்கள்ளிதான் உண்மையான கேக்டஸ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. காடுகரையெல்லாம் பரவி விவசாயிக்குத் தொல்லையாகி, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். மிச்சமிருக்கிற சப்பாத்தியில் வெள்ளைப் பஞ்சு அப்பினாற்போலத் தெரிந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள், குச்சி முனை ரத்தமாகச் சிவந்தால் அது அந்தப் பூச்சிதான்.