பாறைத் தோட்டத்தில் அழுகும் நீலப்பூச் செடிகள்

கேள்வி: காட்பாடி அருகே நிலக்கடலை பயிரிட்டு வருகிறேன். வீட்டின் முன் கருங்கற்களை அடுக்கிப் பாறைத் தோட்டம் அமைத்து, ஐப்பசியில் ‘புளூ டேஸ்’ என்னும் படரும் நீலப்பூச் செடிகள் 30 நட்டேன். 18 கன்றுகள் தண்டடி கறுத்துச் சாய்ந்துவிட்டன. நர்சரியில் கொடுத்த பூஞ்சாணக்கொல்லியை இருமுறை ஊற்றியும் பயனில்லை. மிஞ்சியவற்றிலும் மதியத்துக்கு மேல் பூக்கள் மூடிக்கொள்கின்றன. வேறு எந்த மருந்து இடலாம்?

பதில்: தண்டடி கறுத்த கன்றை எந்த மருந்தும் மீட்காது, பிடுங்கி எரித்துவிடுங்கள். மிஞ்சிய 12 கன்றுகளுக்கு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஒருமுறை வேரடியில் ஊற்றினால் போதும். பூ மூடுவது நோயன்று. காலையில் விரிந்து பிற்பகலில் குவிவதே அதன் இயல்பு.

மருந்தைக் கேட்ட நீங்கள் மண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. செத்த கன்றின் வேர்க்கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அதுதான் நோய். நர்சரிக்காரர் தென்னை நார்க்கழிவில் வளர்ப்பது, பை எடை குறையும், அடிக்கடி நீர் ஊற்ற வேண்டாம் என்பதற்காக. அந்தக் கட்டியை அப்படியே இறுகிய செம்மண் குழியில் இறக்கினால், ஐப்பசி மழையில் அது ஊறிய பஞ்சாகத் தண்டடியைச் சுற்றி நின்றுவிடுகிறது. நீர் தேங்கிய வயலில் கடலைச்செடி என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கன்றையும் நார்க்கட்டியையும் விற்று, அழுகியபின் மருந்தையும் விற்பவரிடம் காரணம் கேட்டுப் பயனில்லை.

பிரேசில் பக்கத்திலிருந்து வந்த இச்செடிக்கும், நம் கரட்டுச் சரிவுகளில் கல்துகளுக்கிடையே தரையோடு படரும் விஷ்ணுகிராந்திக்கும் பேரினம் ஒன்றே. விஷ்ணுகிராந்திக்கு யாரும் எரு இடுவதில்லை. காலடியில் நீர் நிற்காததே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. ஆகவே ஒரு முழ ஆழம் தோண்டி, அடியில் உடைகல் பரப்பி, அதன்மேல் செம்மண் ஒரு பங்கு, தூள் சலித்து நீக்கிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு பங்கு, கால் அங்குல ஜல்லி ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். பாலாற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். நடும்போது நார்க்கழிவை உதிர்த்துவிட்டு, தண்டடியைச் சுற்றி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஜல்லியை மட்டுமே இடுங்கள். டி.ஏ.பி. உரம் வேண்டவே வேண்டாம்.

புதுக் கன்று வாங்காமல், தப்பிய செடிகளிலிருந்து நான்கு விரல் நீளத் தண்டுகளைக் கிள்ளி, நிழலில் மணலில் ஊன்றி வேர்விடச் செய்து, மழை ஓய்ந்த தை மாதத்தில் நடுங்கள்.