நல்லூர்ப் பக்கம் காணி வாங்கலாமா? – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

உலகம் முழுக்கப் பிறப்பு குறைவதும் முதியோர் கூடுவதும் பங்குச்சந்தையையும் வீட்டு விலையையும் எப்படி மாற்றும் என்று எழுதியிருந்தீர்கள். ஜப்பானை வைத்து எழுதியது கோப்பாயில் இருக்கிற எனக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று விளங்கவில்லை.

நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. வயது 43. அம்மாவின் முதுசக் காணி விற்றதில் என் பங்காக ஒரு தொகை வந்திருக்கிறது. நல்லூர்ப் பக்கம் இரண்டு பரப்புக் காணி ஒன்று பார்த்திருக்கிறோம். "காணி விலை ஒருநாளும் இறங்காது, வாங்கிப் போடு" என்கிறார் மாமா. கணவர் வங்கியில் நிலையான வைப்பில் போடலாம் என்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா, இலங்கையில் ஒரு சதமும் போடாதே என்று தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார். ஆட்சியும் மாறிவிட்டது, வட்டியும் குறைந்துவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம்)
கோப்பாய்

அன்புள்ள சகோதரி,

மூன்று பேரும் மூன்று வருடங்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மாமாவுக்கு 2010. கணவருக்கு 2023. அண்ணாவுக்கு 2022. அந்தந்த வருடத்தில் மூவர் சொல்வதும் சரிதான்.

மாமாவிடம் இருந்து தொடங்குகிறேன். போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை வழமைக்கு வந்தபிறகு இங்கே காணி விலை ஏறியது. ஏற்றியது யார்? யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 1981இல், அப்போது அதோடு சேர்ந்திருந்த கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தாலும், ஏழு லட்சத்துக்கு மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். ஆட்கள் குறைந்த ஊரில் காணி விலை ஏறுகிறது என்றால், வாங்குகிற காசில் பெரும்பங்கு வெளியில் இருந்து வருகிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் ஊரில் ஒரு வளவு இருக்கட்டும் என்று வாங்கினார்கள். வாழ்வதற்கு இல்லை, இருக்கட்டும் என்பதற்காக. அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள், வேட்டி கட்டிப் படம் எடுப்பார்கள், திரும்பிப் போவார்கள். அவர்களில் இரண்டு பரப்பு வாங்குகிறவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. தாய் தகப்பனுக்குப் பிறகு மிச்சப் பேர் விற்கத்தான் வருவார்கள்.

வாங்க நினைத்தாலும் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் இங்கே காணியை அறுதியாக வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் வாங்கலாம். முதுசமாக வருவதற்கு விலக்கு உண்டு. அதாவது விற்கும் பக்கம் கதவு திறந்திருக்கிறது, வாங்கும் பக்கம் பாதி சாத்தியிருக்கிறது. ஆகவே இன்றைய விலையைவிட, இருபது வருடத்தில் இதை உங்களிடம் இருந்து வாங்கப் போகிறவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜப்பான் பொருந்துமா என்று கேட்டீர்கள். அங்கே 2023இல் எடுத்த கணக்கில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. தோக்கியோவின் நடுவே விலை ஏறியது, ஊர்ப்புறத்தில் எடுக்க ஆளில்லை. இங்கேயும் எல்லாக் காணியும் ஒரே மாதிரி நடக்கப் போவதில்லை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், போதனா வைத்தியசாலைக்குக் கிட்டவும் வாடகைக்கு ஆள் வந்துகொண்டிருக்கும். தீவுப் பகுதிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் வாடகைக் கணக்கையும் அளவோடு போடுங்கள். இலங்கையில் 2019இல் மூன்று லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரும் வயதில் நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்கள். உங்கள் பாடசாலையின் முதலாம் தர வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள், என்னைவிட உங்களுக்கு முதலில் தெரியும்.

அரசியல் என்றதும் எல்லோரும் 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலைச் சொல்கிறார்கள். யாழ் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்ததை நானும் வியந்துதான் பார்த்தேன். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த ஆறு. 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, இப்போது ஆறு. ஆசனம் வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிப்பது. ஆட்கள் போகப் போகக் கொழும்பில் நமக்காகப் பேசும் குரலும் குறைகிறது. வீதி, துறைமுகம், பலாலி விமான நிலையம் எல்லாம் அந்தக் குரலோடு சேர்ந்தவை. காணி விலையும்தான்.

சரி, கணவர் சொல்லும் வைப்பு. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 வீதம். டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒற்றை இலக்க வட்டிக்குப் போட்டவரின் காசு வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தது, கடையில் மூன்றில் ஒரு பங்கு போலத் தேய்ந்தது. அதே வருடக் கடைசியில் 20 வீதத்துக்கு மேல் போட்டவருக்கு யோகம், ஏனென்றால் 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கிவிட்டது. வைப்பு நல்லதா கெட்டதா என்பது எந்த மாதம் போட்டீர்கள் என்பதில் இருக்கிறது. இன்று வட்டி மறுபடி ஒற்றை இலக்கம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடிக்கும் வரியும் 5 வீதத்தில் இருந்து 10 வீதமாகிவிட்டது.

இன்னொன்று. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கி வைப்புகளைத் தொடவில்லை, தனியார் துறை ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைத்தான் தொட்டார்கள். வைப்பைத் தொட்டால் மறுநாளே வங்கி வாசலில் வரிசை நிற்கும். சேமலாப நிதியில் இருப்பதை அப்படி யாரும் போய் எடுக்க முடியாது. நெருக்கடி வந்தால் அரசாங்கம் ஓட முடியாத காசைத்தான் பிடிக்கும். உங்கள் ஓய்வூதியம் திறைசேரியில் இருந்து வருவது, ரூபாயில் வருவது. வயது போனவர்கள் கூடிக்கொண்டு போகும் நாட்டில் அதுவும் ஓட முடியாத காசுதான். அதைவிட்டு மிச்சத்தையாவது ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

அண்ணாவின் பயம் பொய்யில்லை, காலம் கடந்தது. மூன்று பில்லியன் டொலர் அளவான சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்குத் தொடங்கியது. அது ஓடும்வரை எந்தக் கட்சி வந்தாலும் கை கட்டித்தான் ஆள வேண்டும். 2028இல் இருதரப்புக் கடன்களின், அதாவது மற்ற நாட்டு அரசாங்கங்களிடம் வாங்கிய கடன்களின், முதல் தொகையைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். ரூபாயைப் பற்றி யோசிக்க வேண்டிய வருடம் அது. ஆகவே ஐந்து வருட வைப்பில் முழுவதையும் பூட்டாமல், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று திறைசேரி உண்டியலும் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்) வைப்புமாகப் பிரித்துப் போடுங்கள். வட்டி ஏறினால் கையில் காசு திரும்பி வந்திருக்கும். கொஞ்சம் நகையாக இருப்பதில் தவறில்லை, நம்மவருக்கு அதுதான் டொலர்க் கணக்கு. பங்குச்சந்தைக்கு யாழ்ப்பாணத்திலேயே கிளை இருக்கிறது. ஏற்றுமதியில் டொலர் உழைக்கும் கம்பனிகளாகப் பார்த்து, மாதா மாதம் சிறு தொகை. எந்தப் பங்கு ஏறும் என்று யாரும் குறிப்புத் தந்தால் காது கொடுக்க வேண்டாம்.

காணி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களே வீடு கட்டி இருக்கப் போகிறீர்கள், அல்லது அறை கட்டி வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். வாங்கிப் பூட்டி வைக்க என்றால் நான் வாங்க மாட்டேன்.

முற்பணம் கொடுத்தாயிற்றா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் நொத்தாரிசிடம் போகமுன் காணி உறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். பிரிக்காத பங்கா என்று பாருங்கள். ஐந்து சகோதரர், ஒருவர் லண்டனில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் தொராண்டோவில் என்றால் ஐந்து பக்கக் கையெழுத்தும் வேண்டும். அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அவர் இறந்தால் அந்தத் தத்துவமும் செல்லாது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு அறிவித்தார்களா, விற்பவர் மணமான பெண் என்றால் கணவரின் சம்மதம் இருக்கிறதா என்பதும் முக்கியம். இதில் ஒன்றாவது இழுபட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாமாவிடம் வேறு காணி பார்க்கச் சொல்லுங்கள்.